எங்கே பிடிப்பது?

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் வீட்டுக்கு வந்திருந்தார். தேநீரைக் குடித்து முடித்ததும் கைபேசியை என் பக்கம் நீட்டினார். "மாமா, நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. இந்த இரண்டில எது நல்லது?"

திரையில் இரண்டு அலுமினியப் படகுகள். ஒன்று 14 அடி நீளம், அடி தட்டை. குறுக்கே மூன்று வாங்குகள், பின்னால் கையால் பிடித்துத் திருப்புகிற 20 குதிரைவலு மோட்டார். மற்றது 16 அடி. அணியம் கூராக எழுந்து, அடிப்பக்கம் நடுவில் சரிந்து இறங்கியது. முன்னால் கண்ணாடித் தடுப்பும், காரில் இருப்பதுபோல ஸ்டியரிங்கும், 40 குதிரைவலு மோட்டாரும். விலை முதலாவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"பிள்ளையளோட கோடையில ஏரிக்குப் போறதுக்குத்தான் மாமா. எனக்கெண்டா சின்னன் காணும் போலக் கிடக்கு."

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தேன். படகைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டு இதேமாதிரி இரண்டு படகுகளுக்கு நடுவில் நின்றவன் நான். அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். வயது ஏற ஏறப் பதில் சொல்வதற்கு நேரம் எடுக்கிறது. முன்பு நான் கெதியாய்ச் சொன்ன பதில்களை நினைத்துப் பார்த்தால், இந்தத் தாமதம் நல்லதென்றே படுகிறது.

நான் பிறந்து வளர்ந்தது தொண்டைமானாற்றில். ஒரு பக்கம் பாக்குநீரிணை, மறுபக்கம் கடல்நீரேரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகங்களைத் திண்ணையில் போட்டுவிட்டு மாமாவின் வள்ளத்தில் ஏறிவிடுவோம். மரக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு ஏரி முழுக்கத் திரிவோம். பக்கத்து ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அந்தக் கதையைச் சோற்றோடு சேர்த்து ஊட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். அதை ஓட்டிப் போனவர்களுடைய துணிவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். நான் வள்ளம் தள்ளிய ஏரியில் தண்ணீர் இடுப்பளவு. கவிழ்ந்தால் எழுந்து நின்றால் போதும். இந்த வித்தியாசம் இளவயதில் எனக்குத் தோன்றவேயில்லை.

கனடாவுக்கு நான் முன்னால் வந்துவிட்டேன். மனைவியும் மகளும் 1994இல்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் குடாநாட்டைவிட்டு வெளியேறியபோது ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டிருந்தன. இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடப்பதுதான் சனத்துக்கு இருந்த வழி. மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படித்தான் வந்தாள். அந்த இரவைப் பற்றி அவள் அதிகம் சொன்னதில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை. வந்து சேர்ந்துவிட்டார்கள், அது போதும் என்றிருந்தேன்.

1995இல் மகன் பிறந்தான். இரண்டு வேலை பார்த்து ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். பிறகு எனக்கு ஒரு படகு வாங்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணித்தியாலம் வான் ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. கோடை வந்தால் இந்த நாட்டுச் சனம் படகைக் காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம், தண்ணீரோடு வளர்ந்த நான் கரையில் நிற்கிறேனே என்று மனம் கிடந்து அடிக்கும்.

இரண்டு படகுகளைப் பார்த்தோம். இரண்டும் பழையவை, இரண்டும் வீட்டு வளவில் விலைக்கு நின்றவை. மருமகன் காட்டிய படங்களைப்போலவே, ஒன்று தட்டையடி, மற்றது கூரடி. தட்டையடிப் படகின் சொந்தக்காரர் அதைத் தண்ணீரில் இறக்கிக் காட்டினார். ஏறி நின்று பார்த்தேன். ஒரு பக்கமாக நடந்து பார்த்தேன். மேடையில் நிற்பதுபோல இருந்தது, அசையவில்லை. மற்றதில் கால் வைத்ததும் அந்தப் பக்கம் சாய்ந்து எழும்பியது. அத்தோடு என் தீர்ப்பு முடிந்தது. அசையாதது பத்திரம், ஆடுவது ஆபத்து. தட்டையடி பாரமும் குறைவு, எங்கள் வான் சுகமாய் இழுக்கும். விலையும் பாதி. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மனைவி படகில் ஏறவில்லை. கரையில் நின்றபடி குனிந்து, படகின் பக்கச்சுவரில் கையை விரித்துச் சாண் போட்டு அளந்தாள். இரண்டு சாண். முதல்நாள் பார்த்த கூரடிப் படகிலும் அப்படித்தான் அளந்திருந்தாள். அது மூன்று சாணுக்கு மேலே போனது. எதற்கு அளக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.

"இஞ்சாருங்கோ, இது பதிவாக் கிடக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"எனக்குத் தண்ணி தெரியும். நீர் பயப்படாதையும்" என்றேன். அந்த இரண்டு வசனங்களையும் திரும்ப வாங்க முடியுமென்றால் இன்றைக்கு எவ்வளவு விலையும் கொடுப்பேன்.

ஆனியும் ஆடியும் நன்றாகத்தான் போயின. பீற்றர்பரோவுக்குத் தெற்கே ரைஸ் ஏரி இருக்கிறது. நீளவாக்கில் முப்பது கிலோமீற்றர் அளவு, அதிக ஆழமில்லை. முன்பு அங்கே காட்டரிசி செழித்து வளர்ந்ததால் வந்த பெயர். அதன் குடாக்களில் நீர்ப்பாசிக்கு நடுவே எங்கள் தட்டையடிப் படகு தாரா மாதிரிப் போகும். அரை முழத் தண்ணீரிலும் தரை தட்டாது. பிள்ளைகள் எழுந்து நின்று தூண்டில் போட்டாலும் ஆடாது. மகள் பிடித்த பேர்ச் மீனை வீட்டில் தேசிக்காய் பிழிந்து பொரித்தோம். மோட்டார்ப் புகையின் மணம் எனக்கு ஊர்க்கரையில் மண்ணெண்ணெய் மோட்டார் பூட்டிய படகுகளை நினைவூட்டியது. என் தெரிவு சரிதான் என்று வாராவாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு சிம்கோ ஏரிக்குப் புறப்பட்டோம். அது வேறு தண்ணீர். 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. தென்கரையில் ஜாக்சன்ஸ் பொயின்ற் என்ற இடத்திலிருந்து பார்த்தால் வடமேற்கே எதிர்க்கரை மங்கலான ஒரு கோடு மட்டுமே. அன்றைக்கு மச்சானும் வந்திருந்தார். படகின் பின்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேர் ஏறலாம், மொத்தம் எவ்வளவு பாரம், மோட்டார் எத்தனை குதிரைவலுவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். எங்கள் தகட்டில் நான்கு பேர். மனைவி அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நாலு பேர் எண்டெல்லோ போட்டுக் கிடக்கு?"

"சின்னனுகள் இரண்டையும் சேத்து ஒராள் கணக்கு" என்றேன்.

அந்தத் தகட்டிலுள்ள எண்கள் நல்ல வானிலைக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். காற்றடிக்கும் நாளில் அதைவிடக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் படகோட்ட அனுமதி அட்டையும் கேட்கவில்லை. 2009 செப்டம்பருக்குப் பிறகு கனடாவில் மோட்டார்ப் படகோட்டும் எல்லாரிடமும் அந்த அட்டை இருக்க வேண்டும். 1997இல் ஒருவன் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டால் போதும், ஏரியில் இறங்கிவிடலாம்.

ஜோர்ஜினாத் தீவின் மறைவில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் தண்ணீரில் கை விட்டு விளையாடினார்கள். மூன்று மணியளவில் திரும்புவோம் என்று மோட்டாரை இழுத்தேன். தீவின் மறைவைவிட்டு வெளியே வந்த பிறகுதான் காற்று மாறியிருப்பது தெரிந்தது. வடமேற்குக் காற்று. ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் தடையில்லாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வலப்பக்கத்தில் அடித்தது. எங்கள் ஊர்க் கடலில் வாடை வீசினால் அலை நீளமாக எழுந்து இறங்கும், மூச்சுவிட நேரம் தரும். இந்த ஏரியின் அலை குட்டை. ஒன்றின் முதுகில் மற்றது ஏறி நெருக்கமாக வந்தது.

மேடைபோல அசையாமல் நின்ற படகு இப்போது ஒவ்வொரு அலையிலும் பலகையால் அறைந்ததுபோல விழுந்தது. விழும்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. வேகத்தைக் கூட்டினால் கெதியாய்க் கரை சேரலாம் என்று கூட்டினேன். அறை இன்னும் பலமாக விழுந்தது. மச்சான் ஐஸ்கிரீம் வாளியால் தண்ணீரை இறைத்தார். மகன் வீரிட்டு அழுதான். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். மனைவி அழவில்லை, சத்தமிடவில்லை. இடது கையால் மகனுடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலது கை படகின் விளிம்புக்கு வெளியே தொங்கியது, விரல்கள் விரிந்தபடி.

அப்போது ஒரு படகு எங்களை நோக்கித் திரும்பியது. 16 அடிக் கூரடிப் படகு, தனியே ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அலைகளை வெட்டி ஏறி இறங்கி வந்து, எங்களுக்கும் காற்றுக்கும் நடுவில் தன் படகை நிறுத்தினார். கையைத் தாழ்த்திக் காட்டினார், வேகத்தைக் குறை என்று. பிறகு உள்ளங்கையால் கீழே அழுத்திக் காட்டினார், எல்லாரும் தரையில் உட்காருங்கள் என்று. வாங்கிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் குந்தினோம். பாரம் கீழே இறங்கியதும் படகு கொஞ்சம் அடங்கியது. கரை வரும்வரை அவர் எங்கள் வலப்பக்கத்தைவிட்டு விலகவில்லை. எங்கள் மேல் விழ வேண்டிய அலைகளில் பாதி அவருடைய படகில் உடைந்தது. முக்கால் மணித்தியாலம் இருக்கும். எனக்கு அது இன்னும் முடியவில்லை.

கரையில் அவர் தன்னுடைய துவாயை எடுத்து மகனைப் போர்த்தினார். பிள்ளைகளுக்கு பிஸ்கற் கொடுத்தார். மகளைக் கேட்டால் அந்த நாளைப் பற்றி இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இருப்பது பிஸ்கற் மட்டும்தான். என்னைப் பார்த்துப் பேசுவார், திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் என் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது நல்ல படகு, நாணல் குடாக்களுக்கு இதைவிட நல்லது இல்லை, இந்த ஏரி இதற்கு உரியதில்லை என்றார். பிறகு மனைவியிடம் போனார். பயந்துவிட்டீர்களா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "நாற்பது வருடமாக இந்த ஏரியில் ஓடுகிறேன். எனக்கு இன்னும் இதில் பயம்தான்" என்றார்.

நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர் தன் பயத்தை ஒரு அந்நியப் பெண்ணிடம் எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் பழகிய நான், தண்ணீர் தெரியும் என்று சொல்லி அவள் வாயை அடைத்திருந்தேன். அவர் எங்களைக் கரை சேர்த்தது பெரிய உதவி. அவள் பயந்ததில் பிழையில்லை என்று அவளிடம் சொன்னது அதைவிடப் பெரிய உதவி என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் நித்திரையான பிறகு, குசினியில் பாத்திரம் துடைத்தபடி தானாகச் சொன்னாள். கிளாலியில் மோட்டார் பூட்டிய ஒரு படகின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்த படகுகளில் ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். கொள்ளாத அளவுக்குச் சனம். வெளிச்சம் கூடாது, கதை கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து சூடு விழும் என்று தெரியாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் கையை வெளியே விட்டு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தபடி இருந்திருக்கிறாள். ஒரு சாண். அந்த ஒரு சாண் குறைகிறதா என்று கரை சேரும்வரை அளந்துகொண்டே வந்திருக்கிறாள்.

"ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சாண்தான் இருந்தது" என்றாள்.

விற்பவரின் கரையில் அவள் ஏன் சாண் போட்டாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த வளவில் படகைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நான் கேட்டிருந்தால் முதல்நாளே சொல்லியிருப்பாள்.

தட்டையடிப் படகை அடுத்த மாதமே விற்றேன். வாங்க வந்தவர் நாணல் குடாவில் தூண்டில் போடுகிறவர். அகன்ற ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று நடந்ததை மறைக்காமல் சொல்லித்தான் கொடுத்தேன். விலையில் கொஞ்சம் குறைந்தது, மனதில் பாரம் குறைந்தது.

அடுத்த வசந்தத்தில் கூரடிப் படகு தேடினோம். இந்த முறை நான் வான் ஓட்டுகிறவன் மட்டும், தெரிவு அவளுடையது. இதற்குள் அந்தக் கிழவர் சொன்னதையும் படித்ததையும் வைத்து நானும் கொஞ்சம் தேறியிருந்தேன். தட்டையடி தண்ணீரில் அகலமாகப் படுத்திருப்பதால் அமைதியில் அசையாது. ஆனால் அலை சரிந்தால் அதுவும் கூடவே சரியும், இறங்கும்போது முழு அடியும் அறையும். கூரடி கால் வைத்ததும் சற்று ஆடும். அதற்குமேல் சாயாமல் தாங்கிக்கொண்டு, அலையைப் பிளந்து போகும். முதல் பார்வையில் கொஞ்சம் ஆட்டமாகத் தெரிகிற மனிதர்களிலும் இப்படிச் சிலரைப் பிற்காலத்தில் கண்டிருக்கிறேன்.

பழைய அலுமினியப் படகை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் பழகினேன். அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிக்காது. பாரமும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தகடுகளை ரிவெட் அடித்துப் பொருத்திய படகென்றால், வருடக்கணக்கில் அலையில் அடிபட்டு ரிவெட்டுகள் தளர்ந்து ஒழுகும். ட்ரெய்லரில் நிற்கும்போதே படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டால், எந்த ரிவெட் அழுகிறது என்று வெளியே தெரிந்துவிடும். வெல்டிங் செய்த படகுக்கு அந்தத் தொல்லை குறைவு, விலை கூட. மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்குள் மரம் இருந்தால் தட்டிப் பார்க்க வேண்டும். உக்கியிருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். வாங்குகளுக்குக் கீழே அடைத்திருக்கும் நுரைதான் தண்ணீர் நிறைந்தாலும் படகை மிதக்க வைப்பது. அது ஈரம் குடித்துப் பாரமாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் இவற்றையெல்லாம் பார்த்தேன். மனைவி ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தாள், பிள்ளைகளை உட்காரவைத்தும் பார்த்தாள். கடைசியில் சாண் போட்டாள். மூன்றரைச் சாண். "இது சரி" என்றாள்.

அந்தப் படகு எங்களிடம் பதினாறு கோடைகள் இருந்தது. ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியில் மெல்ல மெல்லப் போயிருக்கிறோம். பீற்றர்பரோவில் 1904இல் திறந்த படகுத்தூக்கி இருக்கிறது. படகை ஒரு பெரிய தொட்டியில் தண்ணீரோடு ஏந்தி 65 அடி உயரத்துக்குத் தூக்கிவிடும். அதில் முதல்முறை மேலே போனபோது மனைவி விளிம்புக்கு வெளியே தலை நீட்டிக் கீழே பார்த்துச் சிரித்தாள். அனுமதி அட்டைக்கான பரீட்சையை இருவரும் எழுதினோம். அவளுக்கு என்னைவிடக் கூடிய புள்ளி. காற்று வடமேற்கில் திரும்பினால் முதலில் சொல்பவள் அவள்தான். அவள் சொன்னால் திரும்பிவிடுவோம். ஒரு நாளும் நான் மறுத்ததில்லை.

படகின் பின்னால் பூட்டுகிற மோட்டாருக்கும் ஒரு கதை சொல்வார்கள். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், ஒரு கோடை நாளில் விஸ்கொன்சின் மாநிலத்து ஏரியொன்றில் நண்பர்களோடு இருந்தபோது, பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டாளாம். அவர் ஏரியின் மறுகரைக்குத் துடுப்பு வலித்துப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டது. 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாருக்கு அந்த நாளே விதை என்பார்கள். பின்னாளில் அவருடைய மனைவியான பெஸ்தான் அந்த வியாபாரத்தின் கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டவர். குடும்பத்தோடு ஏரிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். கூட வந்தவர் என்ன கேட்டார் என்பதிலிருந்துதான் அதில் எல்லாம் தொடங்குகிறது.

மருமகனுடைய கைபேசி இன்னும் என் கையில் இருந்தது. "எந்த ஏரிக்குப் போகப் போறியள்?" என்று கேட்டேன். சிம்கோ என்றார். எத்தனை பேர் என்று கேட்டேன். ஐந்து பேர் வரும் என்றார். எனக்குத் தெரிந்த விடையை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நான் வாங்கிய படகாகத்தான் இருக்கும்.

"உங்கட அம்மாவும் வருவாவோ?"

"அம்மா வரமாட்டா மாமா. அவவுக்குத் தண்ணியெண்டாப் பயம்."

"அப்ப முதலில அவவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படகைக் காட்டுங்கோ. அவ என்ன கேக்கிறா எண்டு கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ."

அவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நல்ல பிள்ளை, மறுக்காமல் செய்தார். அடுத்த சனிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா விலையும் கேக்கேல்ல, மோட்டாரும் கேக்கேல்ல மாமா. முதல் படகுக்குப் பக்கத்தில நிண்டு, 'தம்பி, ஆடினா இதில எங்கை பிடிக்கிறது?' எண்டு மட்டும் கேட்டவ. நானும் பாத்தன். பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. மற்றதில பக்கத்தில கம்பி இருக்கு, இருக்கைக்கு முன்னால கைப்பிடியும் இருக்கு."

நான்கு வாரமாக அவர் பார்த்த அந்தப் படங்களில் அவருடைய கண்ணில் படாத கம்பி அது. நானும் அன்று மூக்குக்கண்ணாடியோடு பார்த்தேன், என் கண்ணிலும் படவில்லை.

"அம்மாவின்ர கேள்விக்குப் பதில் இருக்கிற படகை வாங்குங்கோ தம்பி" என்றேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "விளிம்பு எத்தினை சாண் எண்டும் கேளுங்கோ" என்றாள்.